பரீட்சையில் தவறிய பிள்ளை

ஆண்டுதோறும் டிஸம்பர் மாதம் 22-ந் தேதி நம் பள்ளிக்கூடங்களில் ஸ்ரீநிவாஸ ராமாநுஜன் பெயரால் கூட்டங்கள் நடைபெறுகின்றன. படத்திற்கு மாலை சூட்டுகிறார்கள். மாணாக்கர்களுக்குக் கணக்குப் போட்டி வைத்து, யாவரினும் விரைவாக விடை சொன்னவனுக்குப் பரிசளிக்கிறார்கள். பரிசுடன் வீடு திரும்பும் பிள்ளையைப் பெற்றோர் குட்டி ராமாநுஜன் என்று கொண்டாடுகிறார்கள். இதில் குற்றம் ஒன்றுமில்லை. ஆனால், எவர் பெயரால் அப்பரிசு வழங்கப்படுகிறதோ அவர், கலாசாலைப் பரீட்சையில் தவறியவர். உபகாரச் சம்பளத்தை இழந்தவர். இருபதாம் வயதில் பட்டமுமின்றி உத்தியோகமுமின்றி, வீட்டுத் திண்ணையில் மடியில் சிலேட்டுப் பலகையுடன் உட்கார்ந்திருந்தவர். அந்நாளில் அவ்வழியே சென்ற எத்தனை பேர் அவரைப் புத்திசாலி என்று மதித்திருப்பார்கள் என்பதை நாம் சற்று யோசித்துப் பார்க்க வேண்டும்.

அவர் பிறந்தது 1887-ம் வருஷம், ஈரோட்டில், தாய்வழிப் பாட்டனார் வீட்டில். வளர்ந்தது காவிரிக் கரையிலுள்ள கும்பகோணத்தில், சாரங்கபாணி சந்நிதித் தெருவில். தகப்பனார் ஸ்ரீநிவாஸ ஐயங்கார் ஜவுளிக்கடைக் குமாஸ்தா. தாயார் கோமளத்தம்மாள் கோயிலில் பஜனை பாடுவார். வருமானம் போதாமையால் வெளியூர் மாணாக்கர்களுக்கு வீட்டில் இடமும் சாப்பாடும் தந்து குடும்பத்தை நடத்தினார்கள். இரண்டு வயதில் அம்மை கண்டு பிழைத்த பிள்ளை அவர். பின்னர்ப் பிறந்த குழந்தைகள் மூவர் சிசுப் பருவத்திலேயே இறந்துபோனார்கள். மூன்று வயது வரையில் பேச்சு வரவில்லையென்று வீட்டார் கவலைப்பட்டதாகவும் சொல்லுவார்கள். பேச்சு வரத் தாமதித்தால் பிள்ளை மந்தம் என்று தீர்மானித்துவிடும் வழக்கம் நம்மிடையே இன்றும் போகவில்லை.

தஞ்சை ஜில்லாவில் புத்திசாலிப் பிள்ளை என்றால் யார் என்பதற்கு நெடுங்காலமாக ஓர் அளவுகோல் இருந்து வந்தது. நெல்லும் நிலமும் விளைந்த நாடாகையால் அது கணக்கை ஒட்டிய அளவுகோல். வேலி என்றால் இருபது மா. கலம் என்றால் பன்னிரண்டு மரக்கால். திண்ணைப் பள்ளிக்கூடத்தில் எண்சுவடியை மனப்பாடம் செய்த பையன், முந்திரி என்பது முந்நூற்றிருபதில் ஒன்று, காணி என்பது எண்பதில் ஒன்று என்று கீழ்வாயிலக்கம் முழுதையும் மூச்சு விடாமல் ஒப்பிப்பான். இத்தனை மா நிலத்திற்கு இன்ன கண்டுமுதல், அதில் மேல்வாரம் எவ்வளவு, குடிவாரம் எவ்வளவு என்று கேட்ட மாத்திரத்தில் மனக்கணக்காகச் சொல்லிவிட்டால், அவன் கெட்டிக்காரன். இங்கிலீஷ் பள்ளிக்கூடங்கள் வந்த பிறகு ஒப்பிக்கும் பாடம் மாறிற்று, அளவுகோல் மாறவில்லை. கேட்டதற்கு உடனே விடை சொல்லுகிறவன் கெட்டிக்காரன். கேளாததைத் தானே கேட்டுக்கொண்டு தாமதிக்கிறவன் அசடு, அல்லது அதிகப்பிரசங்கி.

இந்த அளவுகோலுக்கும் ராமாநுஜன் தொடக்கத்தில் குறைந்தவரல்லர். 1897-ம் வருஷம் நவம்பர் மாதம், பத்து வயது நிறைவதற்கு முன்பே, ஆரம்பப் பரீட்சையில் தஞ்சை ஜில்லாவிலேயே முதல்வராகத் தேறினார். அதன் பயனாக டவுன் ஹைஸ்கூலில் அரைச் சம்பளத்தில் படிக்க இடம் கிடைத்தது. வட்டத்தின் சுற்றளவுக்கும் விட்டத்திற்கும் உள்ள விகிதத்தைத் தசமஸ்தானம் பல வரையில் சக மாணாக்கர்களுக்குச் சொல்லிக் காட்டுவாராம். ஊர் மெச்சுவதற்கு இதைவிட வேறென்ன வேண்டும்? அக்காலத்தில் அவரைக் குறித்து எவருக்கும் சந்தேகமில்லை.

ஆனால் அவருக்குள் இருந்த விசேஷம் அதுவன்று. வகுப்பில் ஓர் உபாத்தியாயர், மூன்று பழங்களை மூன்று பேருக்குப் பங்கிட்டால் ஆளுக்கு ஒன்று, ஆயிரம் பழங்களை ஆயிரம் பேருக்குப் பங்கிட்டாலும் ஆளுக்கு ஒன்று என்று விளக்கிக்கொண்டிருந்தார் என்றும், பழமே இல்லாமல் ஆளும் இல்லாமல் பங்கிட்டால் அப்போதும் ஆளுக்கு ஒன்று வருமோ என்று ராமாநுஜன் கேட்டார் என்றும் ஒரு கதை வழங்குகிறது. மேடைகளில் இது சிரிப்புக்காகச் சொல்லப்படுகிறது. சிரிக்க வேண்டிய விஷயமன்று. மற்றப் பிள்ளைகள் விதியைக் கற்றுக்கொண்டு அதைப் பிரயோகிக்க முற்பட்டபோது, இவர் அவ்விதி எந்த எல்லையில் நின்றுபோகிறது என்று தேடிச் சென்றார். வீட்டில் தங்கியிருந்த கலாசாலை மாணாக்கர்களிடம் அவர்களுக்குத் தெரிந்த கணிதத்தையெல்லாம் பதினோராம் வயதிற்குள் கற்றுத் தீர்த்தார். லோனி எழுதிய திரிகோண கணித நூலைப் பதின்மூன்று வயதில் கரை கண்டார். பதினைந்தாவது வயதில் முப்படிச் சமன்பாட்டைத் தீர்க்கும் வழியை அறிந்தவுடன் நாற்படிக்குத் தாமாகவே ஒரு வழி கண்டுபிடித்தார். அடுத்தபடியாக ஐம்படியைத் தீர்க்க முயன்று தோற்றார். அது பொதுவாகத் தீராது என்பதை ஐரோப்பியக் கணித சாஸ்திரிகள் எண்பது வருஷங்களுக்கு முன்பே நிரூபித்திருந்தார்கள். அதை அவருக்குச் சொல்லக் கும்பகோணத்தில் யாரும் இல்லை.

1903-ம் வருஷத்தில் ஒரு நண்பர் மூலமாக அரசாங்கக் கலாசாலைப் புத்தகசாலையிலிருந்து கார் என்பவருடைய நூல் அவர் கைக்கு வந்தது. ஏறக்குறைய ஐயாயிரம் கணித முடிவுகளை வரிசையாக அடுக்கிய புத்தகம் அது. நிரூபணங்கள் அநேகமாக இல்லை. இருந்தாலும் ஒரு வரிக் குறிப்பே. கார் என்பவர் லண்டனில் மாணாக்கர்களைப் பரீட்சைக்குத் தயார் செய்துவந்த உபாத்தியாயர். பரீட்சைக்குப் படிப்பவர்கள் நினைவில் வைத்துக்கொள்வதற்காகத் திரட்டப்பட்ட சுருக்கம் அது. அதையே வைத்துக்கொண்டு ராமாநுஜன் செய்தது வேறு. ஒவ்வொரு முடிவும் ஏன் உண்மை என்று தாமே நிறுவிப் பார்த்தார். நிறுவும்போது அதற்கு அப்பாலும் சில தோன்றின. அவற்றைத் தனி நோட்டில் எழுதலானார். பரீட்சைப் புத்தகத்தைக் கொண்டே ஒருவர் பரீட்சைக்கு ஆகாதவராய்ப் போன வேடிக்கையை வேறெங்கும் கேட்டதில்லை.

1903-ம் வருஷக் கடைசியில் மெட்ரிகுலேஷன் தேறினார். 1904-ல் பள்ளியின் பரிசளிப்பு விழாவில் தலைமையுபாத்தியாயர் கிருஷ்ணசாமி ஐயர், முழு மார்க்கும் இவருடைய தகுதிக்குப் போதாது என்ற கருத்துப்படப் பேசி, கணிதத்திற்கான ரங்கநாத ராவ் பரிசை வழங்கினார். அரசாங்கக் கலாசாலையில் எப்.ஏ. வகுப்பில் சேர்ந்தபோது சுப்பிரமணியம் உபகாரச் சம்பளமும் கிடைத்தது. அது இங்கிலீஷிலும் கணிதத்திலும் தேர்ச்சி பெற்றவர்களுக்கு வழங்கப்படுவது.

ஒரு வருஷத்திற்குள் எல்லாம் போயிற்று. சரித்திர வகுப்பானாலும் இங்கிலீஷ் வகுப்பானாலும் அவர் கணக்கே போட்டுக்கொண்டிருந்தார். ஆண்டு முடிவில் இங்கிலீஷில் தவறியதால் மேல்வகுப்புக்கு மாற்றப்படவில்லை. எந்த இங்கிலீஷுக்காகவும் உபகாரச் சம்பளம் கொடுத்தார்களோ அதே இங்கிலீஷைக் காரணங்காட்டி அதை நிறுத்தினார்கள். தாயார் கலாசாலைத் தலைவரை நேரில் கண்டு முறையிட்டும் பயனில்லை என்பார்கள். 1905-ம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில் ஒருவரிடமும் சொல்லாமல் ராமாநுஜன் வீட்டைவிட்டுப் புறப்பட்டு, ஆந்திர தேசத்தில் விசாகப்பட்டணம் வரையில் போய்விட்டார். ஜில்லாவில் முதல்வராக வந்த பிள்ளைக்குப் பதினேழு வயதில் ஊரில் முகங்காட்டவே வெட்கமாக இருந்தது போலும்! திரும்பி வந்தபின் வருகை போதாமற்போயிற்று. 1906-ல் சென்னைப் பச்சையப்பன் கலாசாலையில் சேர்ந்தார். நோய்வாய்ப்பட்டு ஊர் திரும்பினார். 1907-ல் தனியாகப் பரீட்சை எழுதினார். கணிதத்தில் தேறி, ஏனையவற்றில் தவறினார். உடற்கூற்றுப் பாடத்தில் அவர் வாங்கிய மார்க்கு சொல்லத்தக்கதன்று.

கலாசாலையாரை மட்டும் குறை கூறுதல் நியாயமாகாது. அவர் பாடங்களைப் படிக்கவில்லை என்பது உண்மை. இங்கிலீஷில் தவறும் பிள்ளைகளெல்லாம் ராமாநுஜன் ஆகிவிடமாட்டார்கள் என்பதும் உண்மை. விதி எல்லாருக்கும் ஒன்றே என்று அதிகாரிகள் சொன்னால் அதற்கு மறுமொழி சொல்லுவது எளிதன்று. ஆயினும் ஒன்று கேட்கலாம். அந்த இரண்டு மூன்று வருஷங்களில் அவர் நோட்டில் என்ன எழுதுகிறார் என்று திறந்து பார்த்து, அது இன்னதென்று ஆராய முயன்றவர் எத்தனை பேர்? மார்க்கைப் பார்த்தார்கள். மார்க்கு என்பது, உபாத்தியாயருக்கு முன்பே தெரிந்த விடையைப் பிள்ளை எவ்வளவு தூரம் திருப்பிச் சொல்லுகிறான் என்பதன் அளவு. உபாத்தியாயருக்கே தெரியாததைப் பிள்ளை எழுதினால், அதை அளக்க அந்தக் கோலில் இடமில்லை.

கெட்டிக்காரத்தனம் வேறு, மேதை வேறு என்பதற்கு அவர் பிற்காலத்தில் செய்த வேலையிலிருந்தே ஓர் உதாரணம் சொல்லலாம். நான்கு மரக்கால் நெல்லை முழு மரக்கால்களாகவே குவியல் போடுவதானால் எத்தனை விதம்? நான்கும் ஒரே குவியல், மூன்றும் ஒன்றும், இரண்டும் இரண்டும், இரண்டும் ஒன்றும் ஒன்றும், நான்கு தனித்தனி, ஆக 5 விதம். பத்து மரக்காலானால் 42 விதம். நூறு மரக்காலானால் 19 கோடியே 5 லட்சத்து 69 ஆயிரத்து 292 விதம். மனக்கணக்கில் தேர்ந்த எந்தக் கணக்கப்பிள்ளையும் இதை விரல் விட்டு எண்ண முடியாது. இவ்வெண்கள் எந்த ஒழுங்கில் வளர்கின்றன என்பதற்கு ராமாநுஜனும் ஹார்டியும் 1918-ல் ஒரு சூத்திரத்தை வெளியிட்டார்கள். மக்மஹன் என்ற ஆங்கிலேயர் மிகுந்த பிரயாசையுடன் 200 வரையில் கணக்கிட்டு வைத்திருந்த எண்ணுடன் அது ஒத்திருந்தது. இங்கே விரைவு பயன்படாது. எண்களின் நடையைக் கண்டுகொள்ளும் ஒரு பார்வை வேண்டும். அந்தப் பார்வையுள்ள குழந்தை, ஐந்தாம் வகுப்பில் மற்றவர்களைவிடத் தாமதமாக விடை சொல்லக்கூடும். சில வேளைகளில் சொல்லாமலும் இருந்துவிடக்கூடும்.

மேதை தன் வழியைத் தானே கண்டுகொள்ளும் என்று சிலர் ஆறுதல் கூறுகிறார்கள். ராமாநுஜனுடைய சரித்திரத்தை அதற்குச் சான்றாகவும் காட்டுகிறார்கள். அச்சரித்திரம் சொல்லுவது நேர்மாறானது. 1909-ல் அவருக்கு விவாகமாயிற்று. பிழைப்புத் தேடி 1910-ல் திருக்கோயிலூருக்குப் போய், அங்கே டிப்டி கலெக்டராயிருந்த ராமசாமி ஐயரிடம் ஒரு குமாஸ்தா வேலை கேட்டார். ராமசாமி ஐயர் 1907-ல் இந்தியக் கணித சங்கத்தைத் தோற்றுவித்தவர். நோட்டைப் புரட்டிப் பார்த்த அவர், இவரைத் தாலுகா ஆபீசில் புதைத்துவிட மனமில்லாமல், சென்னையிலிருந்த சேஷு ஐயருக்குக் கடிதம் கொடுத்தனுப்பினார். சேஷு ஐயர், நெல்லூர்க் கலெக்டர் ராமச்சந்திர ராவிடம் அனுப்பினார். யோசனை செய்ய ஓய்வும், அதுவரையில் உயிர் தரிக்க எளிய உணவும் தவிர வேறெதையும் ராமாநுஜன் கேட்கவில்லை. ராமச்சந்திர ராவ் தம் சொந்தப் பணத்திலிருந்து மாதம் 25 ரூபாய் கொடுத்து வந்தார். 1911-ல் கணித சங்கத்தின் பத்திரிகையில் முதல் கட்டுரை வெளிவந்தது. பிறர் தயவில் நெடுநாள் இருக்க விரும்பாமல் 1912-ம் வருஷம் மார்ச்சு மாதம் சென்னைத் துறைமுக ஆபீசில் 30 ரூபாய் குமாஸ்தாவாக அமர்ந்தார். அங்கே மேலுத்தியோகஸ்தராயிருந்த நாராயண ஐயர் இரவில் அவருடன் உட்கார்ந்து பலகையில் கணக்குப் போடுவார். துறைமுகத் தலைவர் ஸ்பிரிங் துரையும் ஆதரித்தார்.

1913-ம் வருஷம் ஜனவரி மாதம் 16-ந் தேதி கேம்பிரிட்ஜிலிருந்த ஹார்டிக்கு எழுதிய கடிதமும், அதன் பின் நிகழ்ந்தவையும் நேயர்கள் அறிந்தவையே. அதிகம் பேசப்படாத ஒன்றை மட்டும் இங்கே குறிப்பிடுவோம். அவ்வருஷத்தில் சென்னைச் சர்வகலாசாலை, எம்.ஏ. பட்டம் பெற்றவர்க்கே உரிய ஆராய்ச்சி உபகாரச் சம்பளத்தை, எப்.ஏ.கூடத் தேறாத இந்தக் குமாஸ்தாவுக்கு மாதம் 75 ரூபாயாக வழங்க முடிவு செய்தது. விதி எல்லாருக்கும் ஒன்றே என்று சொன்ன அதே கல்வியமைப்பு, பார்க்கத் தெரிந்த சிலர் எடுத்துச் சொன்னபோது விதியைத் தளர்த்திற்று. 1904-லும் இது முடியாததாக இருந்திருக்காது. அதுவரையில் கடந்த வருஷங்களைத்தான் ஹார்டி பெருநஷ்டமாகக் கருதினார். ராமாநுஜன் இளமையில் இறந்ததைவிட, பதினெட்டு முதல் இருபத்தைந்து வரையில் வழிகாட்டி இல்லாமல் அவர் வீணாக அலைய நேர்ந்ததே பெரிய துயரம் என்பது அவர் கருத்து. ஒரு கணித சாஸ்திரியின் ஆயுளில் அவையே செழிப்பான வருஷங்கள்.

1914-ம் வருஷம் மார்ச்சு 17-ந் தேதி கப்பலேறினார். ஐந்து வருஷ வாசத்தில் கேம்பிரிட்ஜ் பட்டமும், 1918-ல் ராயல் சொஸைட்டி அங்கத்தினர் பதவியும், அதே வருஷம் டிரினிடி கலாசாலையின் பெலோ பதவியும் அடைந்தார். டிரினிடியில் அப்பதவி பெற்ற முதல் இந்தியர் அவரே. ஆளுவோர் நம்மவரின் புத்தியைக் குமாஸ்தா வேலைக்கு மட்டும் தகுதியென்று எண்ணியிருந்த காலத்தில், துறைமுகக் குமாஸ்தா ஒருவர் அவர்களுடைய தலைசிறந்த வித்துவான்களின் சபையில் சமமாக அமர்ந்தது தேசத்திற்குத் தைரியம் அளித்தது. ஆனால் அந்தத் தைரியத்தில் நாம் நம் கடனை மறந்துவிட்டோம். வெள்ளைக்காரர் மெச்சிய பிறகே நம் பிள்ளையை நாம் மெச்சினோம் என்ற சொல் முழு உண்மையன்று. ராமசாமி ஐயரும் ராமச்சந்திர ராவும் நாராயண ஐயரும் முன்னரே மெச்சினார்கள். அவர்கள் சிலர், ஊர் அல்ல.

நாமகிரித் தாயார் கனவில் வந்து சூத்திரங்களை அருளினாள் என்பதைப் பலரும் விரும்பிச் சொல்லுகிறார்கள். ராமாநுஜன் பக்தர், அத்தெய்வம் அவர் குலதெய்வம், அவருடைய நம்பிக்கை அவருக்குரியது. ஆனால் அதை மட்டும் சொல்லுகிறவர்கள், காகிதத்திற்குப் பணமில்லாமையால் சிலேட்டில் எழுதி, துணி எடுத்துத் துடைக்க நேரமில்லாமல் முழங்கையாலேயே அழித்து அழித்து எழுதியதைச் சொல்ல மறந்துவிடுகிறார்கள். தெய்வம் கொடுத்தது என்று சொல்லிவிட்டால் நமக்கு வேலையில்லை. காகிதம் யார் கொடுத்தார்கள் என்று கேட்டால்தான் சங்கடம்.

இன்னொரு சங்கடமும் உண்டு. ராமாநுஜன் ஏழை, ஆனாலும் அவருக்குத் திண்ணை இருந்தது, பலகை இருந்தது, பள்ளிக்கூடம் இருந்தது. கலாசாலை மாணாக்கர்கள் அவர் வீட்டிலேயே தங்கினார்கள். அதே காவிரிப் பாசனத்தில், அதே 1890-களில், சேற்றில் இறங்கி நாற்று நட்ட பண்ணையாட்களின் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூட வாசலே அடைபட்டிருந்தது. மரக்கால் மரக்காலாக நெல்லை அளந்து கொட்டிய அவர்களில், அக்குவியல்களின் நடையைக் கண்டுகொள்ளும் கண் ஒருவனுக்கு இருந்திருந்தால், அதை எவர் அறிந்திருப்பார்? ஜில்லாவில் முதல்வர் என்று ஒருவரைச் சொல்லும்போது, அந்த ஜில்லாவில் பரீட்சைக்கு உட்கார்த்தப்பட்டவர்கள் எத்தனை பேர் என்றும் கூடவே கேட்பது முறை.

ராமாநுஜன் 1919-ம் வருஷம் மார்ச்சு மாதம் நோயாளியாகத் தாய்நாடு திரும்பினார். கொடுமுடியிலும் கும்பகோணத்திலும் சென்னையிலுமாகச் சிகிச்சை நடந்தது. 1920-ம் வருஷம் ஜனவரியில், புதுவிதமான சார்புகளைக் கண்டுபிடித்திருப்பதாக ஹார்டிக்கு எழுதினார். படுத்தபடியே தாள் தாளாக எழுதிக்கொண்டிருந்தார். ஏப்ரல் 26-ந் தேதி, முப்பத்திரண்டு வயதில், சென்னைச் சேத்துப்பட்டில் காலமானார். அந்தக் கடைசித் தாள்கள் எங்கெங்கோ கைமாறி, 1976-ல் டிரினிடி கலாசாலைப் புத்தகசாலையில் ஆண்ட்ரூஸ் என்ற அமெரிக்கக் கணித சாஸ்திரியின் கண்ணில் பட்டன. அவற்றிலுள்ளவற்றை நிறுவுவதில் பல தேசத்து வித்துவான்கள் பல்லாண்டுகள் செலவிட்டார்கள்.

அவர் அத்தாள்களை எழுதியபோது உடனிருந்து மருந்தும் உணவும் கொடுத்தவர் மனைவி ஜானகியம்மாள். ராமாநுஜன் ஜில்லாவில் முதல்வராகத் தேறிய ஏறக்குறைய அதே வயதில், பத்தாவது வயதில், அவர் மணப்பந்தலில் உட்கார்த்தப்பட்டவர். இருபத்தொரு வயதில் விதவையானார். திருவல்லிக்கேணியில் தையல் வேலை செய்து பிழைத்து, 1994-ம் வருஷம் வரையில் உயிரோடிருந்தார். அத்தாள்களில் எழுதியிருந்தது என்ன என்று படித்து அறியும் கல்வியை அவருக்கு எவரும் கொடுக்கவில்லை. அவருக்கு அதற்கேற்ற புத்தி இருந்ததா என்று பரீட்சித்துப் பார்த்தவரும் இல்லை.